ஒரே சிவப்பு, ஒன்பது கற்கள்: ஓர் ஆரத்தின் நிகழ்வு ஆய்வு

ஆரத்தில் இரண்டு இடத்தில் பற்று விட்டுப்போயிருந்தது. பொன்னை ஒட்டவைக்கும் பற்றாசு வைத்து ஊதினால் அரைமணி நேர வேலை. ஆனால் பத்தர் ஊதுகுழலைக் கையில் எடுக்கவில்லை. "ஒன்பது கல்லும் ஒரே சிவப்பா இருக்கு தம்பி. அதுதான் எனக்குப் பிடிபடல. எது என்ன கல்லுன்னு தெரியாம நெருப்புக் காட்ட மாட்டேன்" என்று சொல்லி, நகையையும் அதன் சொந்தக்கார அம்மாவையும் கல் சோதிக்கிற என்னிடம் அனுப்பிவிட்டார்.

அம்மாவுக்கு அதில் வருத்தம். "எல்லாம் கெம்புதான். எங்க பாட்டியோட அம்மா போட்டுக்கிட்டது. இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?" என்றார். நெருப்பை நினைத்துத்தான் இந்தச் சோதனை என்று அவருக்கு விளக்கினேன். மாணிக்கம் ஊதுகுழலின் சூட்டைப் பெரும்பாலும் தாங்கிவிடும். பற்றவைக்கும்போது தடவும் வெண்காரம் மேலே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டூர்மலைன் என்ற கல் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். கார்னெட் என்ற இன்னொரு சிவப்புக் கல்லும் சூட்டில் அப்படித்தான். கண்ணாடி இளகிவிடும். ஆக, எனக்கு முன் இருந்த கேள்வி ஒன்றே: எந்தக் கல்லை அப்படியே விட்டு ஊதலாம், எதைக் கழற்றிய பிறகுதான் ஊத வேண்டும்? விலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

நகையின் அமைப்பு இது. வரிசையில் ஏழு கற்கள், எல்லாம் பட்டை தீட்டியவை, பின்பக்கம் திறந்த பதிப்பு. நடுவில் இருப்பது பெரிய நீள்வட்டக் கல். அதன் கீழே இரண்டு தொங்கல்கள். அவற்றில் இருப்பவை பட்டை இல்லாமல் முட்டைபோல் வழவழப்பாகத் தேய்த்த கற்கள், பின்பக்கம் பொன்தகட்டால் முழுதும் மூடியவை. கழுத்துக்குப் பின்னால் போகும் கொக்கியில் சிவப்பே இல்லாத சிறு கல் ஒன்று. இடமிருந்து வலமாக வரிசைக்கு 1 முதல் 7 வரையும், தொங்கல்களுக்கு 8, 9 என்றும் எண் கொடுத்தேன். நடுக்கல் 4. பற்று விட்ட இடங்கள், 5க்கும் 6க்கும் இடையே ஒன்று, 9ஆம் தொங்கலின் வளையத்தில் ஒன்று.

கண் சொன்னது

கருவி எதையும் தொடுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, என் ஊகத்தை நோட்டில் எழுதிவைப்பது பழக்கம். பிறகு எங்கே சறுக்கினேன் என்று பார்க்க அது உதவும். இந்த ஆரத்தில் நன்றாகவே சறுக்கினேன்.

நடுக்கல் 4ஐப் பார்த்ததும் 'புறாக்குருதிச் சிவப்பு, அருமையான மாணிக்கம்' என்று எழுதினேன். 3க்கும் மாணிக்கம் என்றே குறிப்பு. 6இல் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சாயல் தெரிந்தது, கார்னெட் என்று வைத்தேன். தொங்கல் 8 கறுத்துக் கிடந்ததால் கண்ணாடி. மற்றவற்றில் 1, 2, 7, 9 சரியாக வந்தன. 5க்கு எழுதிய 'மாணிக்கம்' பாதி மட்டும் சரி. ஒன்பதில் நான்கு முழுத் தவறு. இருபது வருடமாகக் கல் பார்க்கிறவனுக்கு இது பெருமையான கணக்கு இல்லை.

கெம்பு என்ற சொல்லே சிவப்பாக இருக்கும் எந்தக் கல்லையும் அணைத்துக்கொள்ளும். அது தமிழுக்கு மட்டும் வந்த குழப்பமும் இல்லை. பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முன்பக்கம் பதித்திருக்கும் சுமார் 170 கேரட் கல்லுக்குக் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர்; 1367இல் காஸ்டீல் அரசர் பெட்ரோவிடமிருந்து இங்கிலாந்து இளவரசர் எட்வர்டுக்கு வந்தது. 'தைமூர் மாணிக்கம்' என்று பெயர் பெற்ற, மொகலாயப் பேரரசர்களின் பெயர் பொறித்த பெருங்கல்லும் அதே அரச கருவூலத்தில் இருக்கிறது. இரண்டும் மாணிக்கமே இல்லை, ஸ்பினல் என்ற வேறு கல். மாணிக்கத்தையும் ஸ்பினலையும் வெவ்வேறு கனிமம் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சுக்காரர் ரோமே த லீல், 1783இல். அதுவரை அரசர்களின் கருவூலக்காரர்களும் என் நோட்டைப்போலத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கண் சரியாகப் பிடித்தது, அப்போது அதன் பொருள் எனக்குப் புரியவில்லை. லூப் என்ற கைப்பெருக்காடி வைத்து நெருங்கிப் பார்த்தால் 1, 2, 7 மூன்றும் ஆளுக்கொரு சாயல். 1இல் ரோஜா கலந்த சிவப்பு, 2இல் கொஞ்சம் பழுப்பு, 7இல் இருட்டு. 4, 5, 9 மூன்றும் மட்டும் ஒன்றுக்கொன்று அச்சடித்த மாதிரிப் பொருந்தின. 'நிறம் நன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்' என்று ஓரத்தில் எழுதிவிட்டுக் கடந்துபோனேன்.

பட்டைகளின் விளிம்பையும் அப்போதே குறித்தேன். நம்மைச் சுற்றிப் பறக்கும் தூசியில் குவார்ட்ஸ் துகள் உண்டு, அதன் கடினம் மோஸ் அளவில் 7. அதைவிட மென்மையான எதுவும் பல வருடம் துடைக்கத் துடைக்கத் தேயும். மாணிக்கத்துக்குக் கடினம் 9, ஸ்பினலுக்கு 8. இவற்றின் விளிம்பு கத்திபோல் நிற்கும். கார்னெட்டும் டூர்மலைனும் 7 முதல் 7½. கண்ணாடி 5½ பக்கம். கல்லைக் கீறிப் பார்ப்பது காட்டுமிராண்டித்தனம். கீறல் தானாகவே விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். 9இன் முகம் முழுக்க மெல்லிய கோடுகள். 4இன் விளிம்புகள் புதிதுபோல் கூர்மை.

இருட்டில்

ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சை ஆரத்தின் மேல் பிடித்தேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

ஒன்பது கற்களில் மூன்று எரிந்தன. வேறு சொல் இல்லை, அடுப்புக்கரி கனிவதுபோல் 1, 3, 4 மூன்றும் உள்ளிருந்து சிவந்தன. 7இல் மிக மங்கலான ஒரு சிவப்பு, கண் இருட்டுக்குப் பழகிய பிறகே தெரிந்தது. 5 திட்டுத்திட்டாக ஒளிர்ந்தது, நடுவே கறுப்பு ஓடைகள். 2, 6, 8, 9 இருந்த இடம் தெரியவில்லை.

"அந்த நாலும் டூப்ளிகேட்டா?" என்றார் அம்மா.

அவசரப்பட வேண்டாம் என்றேன். இந்த ஒளிர்வு குரோமியத்தின் வேலை. மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடு. அந்தக் கனிமத்துக்கு உலக மொழிகளில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. தூய குருந்தத்துக்கு நிறமே கிடையாது, தண்ணீர் மாதிரி இருக்கும். அலுமினியம் உட்கார வேண்டிய சில இடங்களில், சுமார் நூற்றில் ஒன்றில், குரோமியம் உட்கார்ந்துவிட்டால் கல் சிவக்கும். பச்சை, மஞ்சள், ஊதா ஒளியைக் குரோமியம் விழுங்கிவிட்டுச் சிவப்பைக் கடத்தும். அதோடு நிற்காமல், விழுங்கியதில் ஒரு பங்கை 694 நானோமீட்டர் அருகே சிவப்பாகவே திருப்பித் தரும். நல்ல மாணிக்கம் வெயிலில் தன் நிறத்தைவிடக் கூடுதலாகச் சிவப்பதற்கு இதுவே காரணம். 1960இல் தியோடர் மைமன் செய்த உலகின் முதல் லேசர் கருவியும் இந்த ஒளியைத்தான் பிடித்தது, ஒரு செயற்கை மாணிக்கத் தண்டிலிருந்து.

இப்படி வெளியிலிருந்து வந்த சிறு அளவு உலோகத்தால் கிடைக்கும் நிறத்தை நான் இரவல் நிறம் என்பேன். குருந்தத்தில் குரோமியம் வந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் ஜோடியாக வந்தால் நீலம். இரும்பு மட்டும் வந்தால் மஞ்சள். மூன்றும் ஒரே கனிமம், பெயர்தான் வேறு. பெரில் கனிமத்தில் அதே குரோமியம் வந்தால் மரகதம், பச்சை! குரோமியத்தைச் சுற்றியிருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் குருந்தத்தில் கொஞ்சம் நெருக்கி நிற்கின்றன, பெரிலில் கொஞ்சம் தளர்ந்து நிற்கின்றன. அந்தச் சிறு இடைவெளி வித்தியாசத்தில் விழுங்கும் ஒளியின் இடம் நகர்ந்து, சிவப்பு பச்சையாகிவிடுகிறது. பெரிலில் இரும்பு வந்தால் கடல்நீலம், மாங்கனீசு வந்தால் இளஞ்சிவப்பு. சொந்த நிறக் கற்களும் உண்டு. அல்மண்டைன் கார்னெட்டின் உடம்பே இரும்பு, பெரிடாட்டுக்கும் அப்படியே, டர்க்காய்சுக்குத் தாமிரம். இரும்பை எடுத்துவிட்டால் அல்மண்டைன் என்ற கல்லே இல்லை.

இரும்பு இன்னொரு காரியமும் செய்யும்: குரோமியத்தின் ஒளிர்வை அணைத்துவிடும். மியான்மரின் மொகோக் போன்ற இடங்களில் சுண்ணப் பளிங்குப் பாறையில் விளையும் மாணிக்கத்தில் இரும்பு குறைவு, ஆகவே நன்றாக ஒளிரும். தாய்லாந்து–கம்போடியா எல்லையில் எரிமலைப் பாறையோடு வரும் மாணிக்கத்தில் இரும்பு அதிகம், ஏறக்குறைய இருட்டாகவே கிடக்கும். ஆகவே 7 மங்கியதால் மட்டும் அது மாணிக்கம் இல்லை என்றாகிவிடாது. 4 பளீரென்று எரிந்ததும் அதற்குச் சாதகமான சாட்சி ஆகாது. உண்மையில் எனக்கு முதல் நெருடல் அங்கேதான் வந்தது. இயற்கையில் கொஞ்சமாவது இரும்பு ஒட்டிக்கொண்டு வரும். 4 அந்த அளவுக்குச் சுத்தமாக எரிந்தது.

நிழல்கோடு

ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடிமேல் ஒரு சொட்டுத் திரவம் வைத்து, கல்லின் மேல்முகத்தைக் கவிழ்த்தால், உள்ளே அளவுகோலில் ஒரு நிழல்கோடு விழும். கல் எந்த அளவுக்கு ஒளியை வளைக்கிறது என்பதன் எண் அது. ஆரம் மாதிரி நீளமான நகையைக் கருவியின் மேல் சாய்த்துப் பிடிப்பது சர்க்கஸ். அம்மாதான் இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

3இல் 1.718 என்று ஒற்றைக் கோடு. கண்முன் வேஷம் கலைந்தது. ஸ்பினல். மாணிக்கத்துக்கு அந்த எண் வரவே வராது. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே எண்முகப் படிகங்கள் குட்டிக்குட்டியாக விரல்ரேகைபோல் வரிசைகட்டி நின்றன, ஸ்பினலுக்கே உரிய அடையாளம். இதை மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். சூடேற்றுதல் போன்ற கைவேலை பெரும்பாலும் படாமலே வரும் கல் இது. என்னைக் கேட்டால் இந்த ஆரத்திலேயே எனக்குப் பிடித்த கல் 3தான்.

6இல் 1.624, 1.644 என்று இரண்டு கோடுகள், தள்ளித் தள்ளி. இவ்வளவு அகல இடைவெளியோடு சிவப்பில் வருவது டூர்மலைன், வணிகத்தில் ரூபெலைட் என்பார்கள். நிறம் மாங்கனீசின் இரவல். கல்லின் நிறத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும் டைக்ரோஸ்கோப்பில் இரண்டு ஜன்னலும் இரண்டு நிறம் காட்டின: ஒன்றில் அடர் சிவப்பு, மற்றதில் வெளிறிய ரோஜா. கார்னெட் என்ற என் ஊகம் அந்த இடத்திலேயே செத்தது, ஏனென்றால் கார்னெட் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே நிறம்தான் காட்டும். டூர்மலைன் சூடேறினால் மின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும். விளக்கு வெளிச்சத்தில் காட்சிக்கு வைத்த கல் மட்டும் பக்கத்துக் கற்களைவிடச் சீக்கிரம் அழுக்காவதைக் கவனித்தால் பேரைச் சொல்லிவிடலாம்.

2தான் கொஞ்சம் சிரமம் கொடுத்தது. நிழல்கோடு 1.765. மாணிக்கத்துக்கு 1.762 முதல் 1.770 வரை. அதாவது கார்னெட்டும் மாணிக்கமும் அளவுகோலில் ஒரே வீட்டில் குடியிருக்கும். பாடம் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் விழுவார்கள். செய்ய வேண்டியது, கண்துளையில் இருக்கும் துருவமுனை வடிகட்டியை மெல்லத் திருப்புவது. மாணிக்கமானால் கோடு 1.762க்கும் 1.770க்கும் இடையே ஏறி இறங்கும். இரட்டை ஒளிவிலகல் கொண்ட கல், ஒளியை இரண்டாகப் பிரித்து அனுப்புகிறது. 1ஐ வைத்துத் திருப்பினேன், கோடு மூச்சு விடுவதுபோல் அசைந்தது. 2ஐ வைத்துத் திருப்பினேன். சுற்றிலும் சுற்றினேன். கோடு ஆடவில்லை. கார்னெட். நிறமாலைக் கருவியில் மஞ்சளிலும் பச்சையிலும் மூன்று கறுப்புப் பட்டைகள் நின்றதும் அல்மண்டைன் பங்கு அதிகமுள்ள ரகம் என்று எழுதி முடித்தேன்.

தொங்கல் 8க்கும் அதே மூன்று பட்டைகள். நான் கண்ணாடி என்று தள்ளியது நல்ல கார்னெட். அடர்ந்த நிறத்தால் கறுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். பழைய வேலைக்காரர்கள் இம்மாதிரி அடர் கார்னெட்டின் அடிப்பக்கத்தைக் குடைந்து மெலிதாக்குவார்கள், வெளிச்சம் ஊடுருவட்டும் என்று. இதில் குடையாமல் விட்டிருந்தார்கள். தொங்கல் 9க்கு, வளைந்த முகத்தில் புள்ளியாக அளந்தபோது 1.52 அருகே. கண்ணாடி. உள்ளே இரண்டு உருண்டைக் குமிழிகளும் இருந்தன.

நடுக்கல்

1, 4, 5, 7 நான்கிலும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒரே பதிலைச் சொன்னது: குருந்தம். சிவப்புக் குருந்தம் என்றால் மாணிக்கம். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது, பெரிய கல் தப்பித்ததே என்று. இன்னும் நுண்ணோக்கி பாக்கி என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

1இன் உள்ளே பட்டுநூல். ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள், மயிரிழையிலும் மெல்லியவை, மூன்று திசையில் 60 பாகை கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிப் பின்னிய வலை. விளக்கைச் சாய்த்தால் வலை முழுதும் ஒரு நொடி வெள்ளியாக மின்னி அணையும். ஊசிகள் முறியாமல் முழுசாக இருந்ததால், உயர் வெப்பத்தில் இதைச் சூடேற்றவில்லை என்று சொல்லலாம். 7இல் பட்டு கரைந்து புள்ளிப் புள்ளியாகி இருந்தது. ஒரு படிகத்தைச் சுற்றி வட்டத் தட்டுபோல் விரிசல் பரவி, நடுவே படிகம் உருகி உருண்டிருந்தது. நிறத்தைத் திருத்தச் சூடேற்றிய இயற்கை மாணிக்கம். சூடேற்றுவதைக் குற்றமாக யாரும் பார்ப்பதில்லை, சொல்லாமல் விற்றால்தான் குற்றம்.

4இன் உள்ளே முதலில் ஒன்றுமே தெரியவில்லை. இவ்வளவு பெரிய மாணிக்கத்தில் ஒரு தோஷம்கூட இல்லையென்றால் மகிழ்ச்சி வரக்கூடாது, பயம் வர வேண்டும். பக்கவாட்டு விளக்கை விரல் அளவு நகர்த்தி நகர்த்திப் பத்து நிமிடம் தேடினேன். ஒரு கோணத்தில், ஒரே ஒரு கோணத்தில், கோடுகள் தெரிந்தன. நேர்க்கோடுகள் இல்லை. குயவர் சக்கரத்தில் சுழலும் மண்மேல் விரல் பட்ட தடம்போல, மெல்லிய, இணையான வளைவுகள்.

மண்ணுக்குள் வளரும் படிகம் தட்டையான முகங்களில் அடுக்கடுக்காக ஏறும். அதன் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடி, கோணத்தில் உடைந்து திரும்பும், ஒருபோதும் வளையாது. வளைவு என்றால் உருகிய துளி என்று பொருள். 1902இல் ஓகுஸ்த் வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வெளியிட்ட முறை அது: அலுமினியம் ஆக்சைடு தூளில் கொஞ்சம் குரோமியம் கலந்து, ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடருக்குள் தூவினால், 2000 பாகை செல்சியசுக்கு மேல் தூள் உருகி, கீழே மெதுவாகச் சுழலும் தண்டின்மேல் சொட்டுச் சொட்டாகப் படியும். தலை உருண்ட மொட்டுபோல ஒரு மாணிக்கம் சில மணி நேரத்தில் வளர்ந்துவிடும். அந்த உருண்ட தலையின் அடுக்குகள்தான் அந்த வளைவுகள். வேதியியல், கடினம், ஒளிவிலகல் எல்லாம் இயற்கை மாணிக்கத்துக்கு இம்மி பிசகாது. என் கருவிகள் பொய் சொல்லவில்லை. அவற்றிடம் நான் கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொல்லியிருந்தன.

ஆக, ஆரம் நிஜமாகவே பாட்டியின் அம்மா காலத்தது என்றால் நடுக்கல் பின்னாளில் மாறியிருக்க வேண்டும். நகப்பிடிகளைத் திரும்பப் பார்த்தேன். 4ஐப் பிடித்திருந்த நான்கு பிடிகளின் வேரில் பற்றாசின் நிறம் மற்ற இடங்களைவிட வெளிறி இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ இது கண்ணாடியா?" என்றார். இல்லை அம்மா, மாணிக்கம்தான், சுடரில் வளர்ந்த மாணிக்கம் என்றேன். செயற்கைக் கல் வேறு, போலி வேறு. செயற்கைக் கல்லில் பொருள் அதேதான், பிறந்த இடம் மட்டும் வேறு. போலியில் நிறம் மட்டும் ஒன்று, பொருள் வேறு. இந்த இரண்டையும் 'டூப்ளிகேட்' என்ற ஒரே பையில் போடுவதால் வரும் வம்பு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஐந்தாம் கல்

5ஐ நுண்ணோக்கியில் வைத்து ஆட்டியதுமே நீலமும் ஆரஞ்சும் பளிச்சிட்டன. எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவதுபோல, ஆனால் விரிசலின் வழியே ஓடும் மின்னல். உள்ளே தட்டையான குமிழிகள். ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். விரிசல் நிறைந்து ஒளி புகாத மட்டமான குருந்தத்தை எடுத்து, உருகிய ஈயக் கண்ணாடியைப் பிளவுகளுக்குள் பாய்ச்சுவார்கள். கண்ணாடியும் குருந்தமும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் விரிசல் கண்ணிலிருந்து மறைந்துவிடும். இந்த ரகம் சந்தைக்கு வந்தது 2004 வாக்கில். புறஊதாவில் தெரிந்த கறுப்பு ஓடைகள் இந்தக் கண்ணாடிதான்.

மேல்முகத்தில் ஒரு கோடு அரித்துப் பள்ளமாகியிருந்தது. கல்லில் அரிப்பு வராது. கண்ணாடி மட்டும் கரைந்திருக்கிறது. "நடுவுல ஒரு தடவை பாலிஷ் போடக் கொடுத்தோம். திரும்பி வந்தப்போ இந்தக் கல்லு மங்கியிருந்துச்சு, அழுக்குன்னு நினைச்சேன்" என்றார் அம்மா. அமிலத்தில் நனைத்திருப்பார்கள், பொன்னுக்கு அது வழக்கமான குளியல். மாணிக்கத்துக்கும் ஒன்றும் ஆகாது. இந்தக் கல்லுக்கு மட்டும் ஆகும். செய்தவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, அவரும் சிவப்பைப் பார்த்து மாணிக்கம் என்று நம்பியிருப்பார்.

நோட்டின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போன வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது. 4, 5, 9 மூன்றும் அச்சடித்த மாதிரி ஒரே சிவப்பு. இயற்கை, ஒன்றுக்கொன்று இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கற்களைச் சுலபத்தில் தருவதில்லை. கல் விழுந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மற்ற கற்களின் பக்கத்தில் வைத்து, நிறம் சேர்கிறதா என்று மட்டும் பார்த்துப் பதித்திருக்கிறார். முதலில் 4, 2004க்குப் பிறகு 5. ஆரத்தின் நிறப்பொருத்தமே அது பட்ட பழுதுகளின் பட்டியல். பத்தர் "ஒரே சிவப்பா இருக்கு, பிடிபடல" என்று சொன்னது எவ்வளவு கூர்மையான பார்வை என்று நான் ஒத்துக்கொள்ள ஒரு நாள் ஆயிற்று.

கொக்கியில் இருந்த கல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பகலில் சாம்பல் கலந்த நீலம், மஞ்சள் விளக்கில் ஊதா. அலெக்சாண்ட்ரைட் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்ததாம். உண்மையான அலெக்சாண்ட்ரைட் கிரைசோபெரில் என்ற கனிமம். பகலில் பச்சையாகவும் மெழுகுவர்த்தியில் சிவப்பாகவும் திரும்பும், அங்கேயும் குரோமியம்தான், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கும் குரோமியம். இந்தக் கல்லின் ஒளிவிலகல் குருந்தத்துக்கு உரியது. நிறமாலையில் 475 நானோமீட்டரில் ஒரு கூர்மையான கோடு, வனேடியத்தின் கையெழுத்து. அதே சுடர்முறையில் வனேடியம் சேர்த்து வளர்த்த செயற்கைக் குருந்தம்.

கழற்றிய பின்

பத்தருக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: 1, 3, 4, 7 இருக்கட்டும். 2 தள்ளி இருக்கிறது, ஈரத்துணி சுற்றினால் போதும். 8ஆம் தொங்கலை வளையத்தோடு அவிழ்த்து எடுத்துவையுங்கள். 5, 6, 9 மூன்றையும் பதிப்பிலிருந்து கழற்றாமல் ஊதாதீர்கள். பிறகு எப்போது கழுவினாலும் 5க்கு அமிலமும் அதிர்வுத் தொட்டியும் ஆகாது. வெறும் சோப்புத் தண்ணீர்.

கல் பதிப்பில் இருக்கும்வரை எடை போட்டு அடர்த்தி பார்க்க வழியில்லை. கழற்றிய மூன்றும் என் மேசைக்கு வந்தபோது அந்தக் கணக்கையும் முடித்துக்கொண்டேன். 6 காற்றில் 2.45 கேரட், தண்ணீரில் தொங்கவிட்டபோது 1.65. வித்தியாசம் 0.80, 2.45ஐ அதால் வகுத்தால் 3.06. டூர்மலைனுக்கு வர வேண்டிய எண் அப்படியே வந்தது. மாணிக்கமாக இருந்திருந்தால் 4 வரும். 9க்கு 2.10, 1.26, வகுத்தால் 2.5. கண்ணாடி.

ஆனால் 9ஐ எடைத்தட்டிலிருந்து எடுத்தபோதுதான் எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இடுக்கியில் இருந்த கல்லுக்கு நிறமே இல்லை. ஜன்னல் பக்கம் தூக்கினேன். சுத்தமான தண்ணீர்த் துளி. கண்ணாடி என்று முதல் நாளே சரியாகச் சொன்னேன், சிவப்புக் கண்ணாடி என்று நினைத்துத்தான் சொன்னேன். இரண்டு நாளாக ஒவ்வொரு குறிப்பிலும் '9, சிவப்பு' என்றே எழுதியிருக்கிறேன்.

பத்தர் தொங்கலின் பொன்கிண்ணத்தை நீட்டினார். அடியில் ஒரு ரேக்கு, அதாவது மெல்லிய உலோகத் தகடு, வெற்றிலைத் துணுக்கைவிடச் சிறியது, காகிதத்தைவிட மெலிது, பளபளவென்று சாயம் ஏற்றிய சிவப்பு. மேலே நடுக்கல்லின் சிவப்போடு சேரும்படி அந்தச் சாயத்தைக் கலந்திருந்தார்கள். ஒரு ஓரம் மட்டும் ஈரம் பட்டுக் கறுத்திருந்தது.

அம்மா கல்லை உள்ளங்கையில் வாங்கி, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சிவப்பு எங்கே போச்சு தம்பி?" என்றார்.

கிண்ணத்தைக் காட்டினேன்.

அவர் கல்லைத் திரும்ப அதற்குள் வைத்தார். வைத்த நொடியில் சிவந்தது. எடுத்தார், வெளுத்தது. மூன்று நான்கு முறை அப்படியே எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, புது ரேக்கு மாற்றித் தரவா என்று பத்தர் கேட்டதற்கு, "வேண்டாம், இதையே வைங்க. தண்ணி மட்டும் போகாம மூடுங்க" என்றார்.